தேசி, தோடை மரங்களுக்கு இலைவழியாகப் பொட்டாசியம்: திருகோணமலை வளவுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் சாம்பல்தீவு வளவில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. கிணற்றுத் தண்ணீர் நாளுக்கு நாள் கீழே போகும். தேசி மரத்தில் நெல்லிக்காய் அளவில் நிற்கும் காய்கள் பெருக்க வேண்டியதும் அதே நாட்களில்தான். காய் பெருக்கவும் சாறு ஏறவும் மரம் அதிகமாகக் கேட்பது பொட்டாசியத்தை. மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் வேர் எடுக்கச் சிரமப்படுவதும் அதைத்தான். பொட்டாசியம் மண்ணில் தண்ணீரோடுதான் நகரும். காய்ந்த மண்ணில் நீங்கள் போட்ட பசளை போட்ட இடத்திலேயே கிடக்கும்.

மாரி வந்தால் பிரச்சினை வேறு விதமாக வரும். நிலாவெளி, குச்சவெளிப் பக்க மணலில் ஐப்பசி, கார்த்திகை மழை பொட்டாசியத்தை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். கோடையில் எடுக்க முடியாது, மாரியில் தங்காது. இதனால்தான் இந்த மாவட்டத்தில் இலை வழியாகக் கொடுப்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மெல்லிய கரைசல், பின்னேர நேரம், சரியான பருவத்தில் மூன்று தடவை. முறை இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் கவனிக்க நிறைய இருக்கிறது.

உங்கள் மரத்துக்கு இது தேவையா?

தேசி, தோடை, நாரத்தை எதுவானாலும் பொட்டாசியக் குறை முதலில் காயில்தான் தெரியும். இலையில் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் குறை முற்றிவிட்டது என்று அர்த்தம். காய் சின்னதாகவே நிற்கும். தோல் மெல்லியதாக, வழுவழுப்பாக இருக்கும். பழுக்கும் முன்பே உதிரும். நீண்ட வெயிலுக்குப் பின் முதல் பெருமழை பெய்ததும் வெடிக்கும். உள்ளே சதை சட்டென்று தண்ணீரை இழுத்து வீங்க, மெல்லிய தோல் தாங்காமல் கிழிந்து போகிறது. புரட்டாதிக் கடைசியில் தோடை மரத்தடியில் பிளந்த காய்கள் கிடந்தால் முதலில் பொட்டாசியத்தையும், தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்ததா என்பதையும் யோசியுங்கள்.

குறை முற்றினால் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, வெண்கல நிறத்துக்குப் போய், இலை சுருளும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இங்கே ஏமாறக்கூடாது. உப்புப் பாதிப்பிலும் இலை நுனி இப்படித்தான் கருகும். வித்தியாசம் பார்ப்பது கஷ்டமில்லை. கடல்காற்று படும் பக்கத்தில் மட்டும் கருகல் அதிகமாக இருக்கிறதா? கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரிக்கிறதா? அப்படியென்றால் அது உப்பு. அந்த மரத்துக்கு மேலும் ஒரு உப்பைக் கரைத்து அடிப்பதற்கு முன், நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, மரத்தடியில் நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று மக்னீசியக் குறை. பழைய இலையில் இரண்டு பக்கமும் மஞ்சள் பரவி, காம்பருகே அம்பு முனை போல ஒரு பச்சை முக்கோணம் மட்டும் மிஞ்சியிருக்கும். இது தெரியும் மரத்துக்குப் பொட்டாசியத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். முதலில் மக்னீசியம் சல்பேட்டைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள். லீட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையில் அடிக்கலாம்.

ஏக்கர் கணக்கில் மரம் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது இலைப் பரிசோதனை செய்வது நல்லது. காய் இல்லாத கிளையில், நாலு முதல் ஆறு மாத வயதுள்ள இலைகளாக, பல மரங்களிலிருந்து எடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். புளோரிடாவில் இந்த வகை மரங்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலின்படி உலர்ந்த இலையில் 1.2 முதல் 1.7 சதவீதம் பொட்டாசியம் இருந்தால் போதும். 0.7க்குக் கீழே போனால் கடும் குறை. 1.7ஐத் தாண்டியிருந்தால் தெளிப்பதற்குச் செலவழிக்காதீர்கள். பொட்டாசியம் கூடினால் தோடையின் தோல் தடித்து, சொரசொரத்து, நிறம் பிந்தும், சாறும் குறையும்.

எந்தப் பொட்டாசியம்?

சில வருஷங்களுக்கு முன் பொட்டாசியம் சல்பேட் வாங்கப் போனேன். கடையில், பொட்டாஷ் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி நெல்லுக்குப் போடும் சிவப்பு எம்ஓபியை நிறுத்துத் தந்தார்கள். நானும் நம்பி, லீட்டருக்கு 20 கிராம் கரைத்து, ஆனி மாதம் காலமை பத்து மணிக்கு அடித்தேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் எண்ணெயில் கருகிய அப்பளம் போல மொறுமொறுத்துக் கிடந்தன. அந்தக் கிழமை முடிவதற்குள் மரத்தின் பாதி இலை கீழே. பிஞ்சும் போய்விட்டது. அந்த மரம் மறுபடி காய்க்க ஒன்றரை வருஷம் ஆனது.

எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைட்டு. அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைட்டு. தேசிக் குடும்ப மரங்களுக்குக் குளோரைட்டு ஆகாது. ஏற்கெனவே கடல்காற்றும் கரிப்புத் தண்ணீரும் உள்ள இடத்தில் அதை இலையில் அடிப்பது மரத்தைத் தண்டிப்பது போலத்தான். மண்ணுக்கு, அதுவும் உள்நாட்டுப் பக்கம், நல்ல மழைக் காலத்தில் அளவாகப் போடலாம். இலைக்கு வேண்டவே வேண்டாம்.

இலைக்கு ஏற்றவை மூன்று.

பொட்டாசியம் நைட்ரேட் பையில் 13-0-46 என்று இருக்கும், அதாவது நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றின் சதவீதம் (பின்னிரண்டும் ஒட்சைட்டுக் கணக்கில், அதனால் உண்மையான பொட்டாசியம் இதைவிடக் குறைவு). நன்றாகக் கரையும், இலைக்குள் இலகுவில் போகும், கூடவே கொஞ்சம் நைதரசனும் கொடுக்கும். காய் பெருக்கும் காலத்துக்கு என் கை முதலில் போவது இதற்குத்தான்.

பொட்டாசியம் சல்பேட்டில் நைதரசன் இல்லை, கந்தகம் இருக்கிறது. தோடை நிறம் பிடிக்கப் போகும் நேரத்தில் நைதரசன் கொடுத்தால் பச்சை விலகப் பிந்தும், அதனால் கடைசித் தெளிப்புக்கு இது நல்லது. மெதுவாகத்தான் கரையும். மண்ணுக்குப் போடும் குறுணையை வாங்கிவிடாமல், தண்ணீரில் முழுதாகக் கரையும் தூள் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மோனோ பொட்டாசியம் பொஸ்பேட், 0-52-34. பொசுபரசும் சேர்ந்தது, இலையைச் சுடும் ஆபத்து மூன்றிலும் குறைந்தது. பூக்கு முன் அடிக்க உகந்தது. விலைதான் கூட.

சாம்பலைக் கரைத்து அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தென்னம் பொச்சுச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் கடும் காரம், இலையை அவித்துவிடும். மரத்தைச் சுற்றி மண்ணில் இரண்டு கைப்பிடி தூவி நீர் விடுங்கள், அது போதும். அரிசி ஆலையில் கிடைக்கும் உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைப் பொட்டாசியத்துக்காக நம்ப முடியாது.

எவ்வளவு?

1 சதவீதம், அதாவது லீட்டருக்கு 10 கிராம். தோளில் மாட்டும் 16 லீட்டர் டாங்கிக்கு 160 கிராம். இளம் கொழுந்து நிறைய இருந்தாலோ, மரம் வாடியிருந்தாலோ இதில் பாதி, 80 கிராம். இஸ்ரேல் போன்ற நாடுகளில் 4, 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் அடித்துக் காய் பெருப்பித்த அனுபவம் உண்டு. அது அந்த நாட்டு மரம், அந்த நாட்டுக் காலநிலை. நம் கச்சான் வெயிலில் 2 சதவீதத்துக்கு மேல் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

கண்மதிப்பில் போடாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்டு, அதே வருஷம் நவம்பரில் எடுத்தார்கள். தடைக்கு முந்திய விலை அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. ஒவ்வொரு கிராமுக்கும் காசு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலைத் தெளிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து மண்ணை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ காய் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிராம் பொட்டாசியத்தை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. 40 கிலோ காய்க்கும் மரம் 60 முதல் 80 கிராம் இழக்கிறது. வளர்ந்த மரம் ஒன்றை நனைக்க 5 லீட்டர் பிடிக்கும். 1 சதவீதக் கரைசல் 5 லீட்டரில் 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், அதில் உண்மையான பொட்டாசியம் 19 கிராம்தான். மூன்று தடவை அடித்தாலும் 57 கிராம். அதிலும் ஒரு பங்கு நிலத்தில் வடியும், ஒரு பங்கு இலையில் காய்ந்து நிற்கும். ஆகவே இது கைகொடுக்கும் உதவி. அடிப்படைச் சாப்பாடு மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

தண்ணீரும் டாங்கியும்

கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கும் கிணற்றுத் தண்ணீரா? அதில் கல்சியமும் காரமும் கூட. பொஸ்பேட் கலந்தால் கலங்கி, ஸ்பிரேயர் துளையை அடைக்கும். குழாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது. பத்து மரத்துக்கு 50 லீட்டர்தானே, இரண்டு பெரிய வாளியில் எடுத்து வைத்துவிடலாம்.

டாங்கி விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியாப் பக்கங்களில் ஒரே டாங்கி வயலுக்கும் வளவுக்கும் போய் வரும். வயலில் களைகொல்லி அடித்த டாங்கியை இரண்டு தரம் அலசினால் போதாது. குழாயிலும் வடியிலும் தங்கியிருக்கும் மிச்சமே தேசிக் கொழுந்தைச் சுருட்டிவிடும். முடிந்தால் பசளை அடிக்க என்று ஒரு டாங்கியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கும் விதம்

சின்ன வாளியில் மூன்று லீட்டர் தண்ணீர் எடுத்து, நிறுத்த தூளை மெதுவாகக் கொட்டிக் கிளறுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். வாளியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால், பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருப்பது தெரியும். நிறையத் தூளைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்தால் வாளி வியர்த்துக்கூட நிற்கும். முதல் தரம் பார்த்தபோது பிழையான மருந்தோ என்று பயந்தேன். பிழையில்லை, அதன் குணம் அது. தண்ணீர் குளிர்ந்தால் கரைவதும் மெதுவாகும், அதனால் அவசரப்படாமல் அடியில் ஒரு மணியும் இல்லாதவரை கிளறுங்கள். பிறகு துணியில் வடித்து டாங்கியில் ஊற்றி, 16 லீட்டர் கோடு வரை தண்ணீர் நிரப்புங்கள்.

தேசி இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் கரைசல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். கடையில் கிடைக்கும் ஒட்டுத் திரவத்தைப் போத்தலில் சொன்ன அளவுக்குச் சேர்த்தால் படலமாகப் பரவும். கூடப் போட்டால் இலை கருகும்.

வேறு மருந்துகளோடு கலப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கலக்காதீர்கள். போர்டோக் கலவை, செப்பு மருந்து, எண்ணெய், கல்சியம் எதனோடும் வேண்டாம். யூரியா சேர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யூரியாவில் உள்ள பையூரெட் என்ற கழிவுக்கு இந்த மரங்கள் மிகவும் நொய்மையானவை, இலை நுனி மஞ்சளாகி அப்படியே நிற்கும். சாதாரண வயல் யூரியாவை இலையில் அடிக்கவே கூடாது.

கரைசல் மிஞ்சிய வாளியை வளவில் திறந்து வைக்காதீர்கள். ஆடும் மாடும் உப்புச் சுவைக்கு வந்து குடித்தால் நைட்ரேட் நஞ்சாகி இறந்துபோகக்கூடும். மிஞ்சியதை ஏதாவது வேறு மரத்தடியில் ஊற்றி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தூளை மூடியுள்ள டின்னில், அடுப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் தூரமாக வைக்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் தானாக எரியாது, ஆனால் எரிகிற நெருப்பை மூட்டிவிடும்.

எந்த நேரம், எப்படி அடிப்பது

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு. வெயில் சாய்ந்து, கச்சான் தணிந்த நேரம். இலையில் ஈரம் நிற்கும்வரைதான் பொட்டாசியம் உள்ளே போகும். பகலில் அடித்தால் பத்து நிமிஷத்தில் காய்ந்து வெள்ளைப் பொடியாகிவிடும், அந்தப் பொடியே இலையைச் சுடும். இரவுப் பனி விழுந்தால் காய்ந்த உப்பு மறுபடி நனைந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். காலமை அடிப்பதானால் ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். அடுத்த நாள்வரை மழை வராது என்று தெரிந்தால்தான் தொடங்க வேண்டும்.

முதல் நாள் மரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். வாடி நிற்கும் மரத்துக்கு எந்தப் பசளையும் அடிக்கக்கூடாது.

ஸ்பிரேயர் மூக்கைக் கீழிருந்து மேலாகப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தை முதலில் நனையுங்கள். தேசி இலையின் சுவாசத் துளைகள் அங்கேதான், மெழுகும் அங்கே மெல்லிது. மேற்பக்கமும் காயும் பிறகு தானாகவே நனையும். இலை நுனியில் ஒரு சொட்டுத் தொங்கி விழப் பார்க்கும்போது அடுத்த கிளைக்குப் போய்விட வேண்டும். மரத்தடி நனைகிறது என்றால் காசு நனைகிறது. முழுதாக விரிந்து, இன்னும் மினுமினுப்பு மாறாத இலைகளில் கூடுதலாகப் படட்டும், அவைதான் நன்றாக உறிஞ்சும்.

முதல் தரம் செய்பவர்கள் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், தேசி முள்ளுக்காகவாவது.

மூன்று தடவை, எப்போது?

நாட்காட்டியை விட மரத்தைப் பாருங்கள். எங்கள் வளவில் மாரி ஓய்ந்து, தை, மாசி வறட்சிக்குப் பிறகு ஒரு மழை விழுந்தால் பூ வெடிக்கும். தம்பலகாமத்தில் மாமாவின் தோட்டம் களிப்பிடிப்பான மண், ஈரம் நிற்கும், அங்கே பூ இரண்டு கிழமை பிந்தும்.

முதல் தடவை, மொட்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்போது, பூ விரியும் முன்: மோனோ பொட்டாசியம் பொஸ்பேட், லீட்டருக்கு 5 முதல் 10 கிராம். கைவசம் இல்லாவிட்டால் இந்தத் தடவையை விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை. பூ விரிந்திருக்கும் நாட்களில் எதுவும் அடிக்காதீர்கள், தேனீக்கள் வரட்டும்.

இரண்டாவதுதான் முக்கியமானது. பூ உதிர்ந்து, தானாக விழ வேண்டிய பிஞ்சுகள் விழுந்து, மிச்சம் பட்டாணியிலிருந்து சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வரும் பருவம். காய்க்குள் புதுக் கலங்கள் உருவாகி முடிந்து, உள்ளவை பெருக்கத் தொடங்கும் நேரம். பொட்டாசியம் நைட்ரேட் 1 சதவீதம். இரண்டு மூன்று கிழமை கழித்து இன்னொரு தரம் அடிக்க வசதியிருந்தால் அதையும் இங்கேயே செலவழியுங்கள் என்பேன்.

மூன்றாவது, காய் பாதி வளர்ந்தபின். தேசி பூவிலிருந்து நாலு ஐந்து மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும், ஆகவே இரண்டாவதிலிருந்து ஐந்தாறு கிழமைக்குள் இதை முடிக்க வேண்டும். தோடைக்கு நாள் கூட, ஆடி, ஆவணியில் பொட்டாசியம் சல்பேட்டாக அடியுங்கள். ஐப்பசி மழையில் காய் வெடிப்பதைக் குறைக்க இந்தத் தெளிப்புத்தான் உதவும். பொட்டாசியம் புளிப்பைக் கூட்டும் என்று தோடைக்காரர்கள் பயப்படுவார்கள், அது நியாயம், அவர்கள் கூடுதலாக ஒரு தரம் அடிக்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். தேசிக்குப் புளிப்புத்தானே வேண்டும்.

மண்ணை மறக்காமல்

நெல் எடுத்துக்கொண்ட பொட்டாசியத்தில் பெரும்பங்கு அரிசிக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலைக் கொளுத்திவிட்டு, அடுத்த மாதம் கடையில் பொட்டாஷ் வாங்க நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. ஒரு லாண்ட்மாஸ்டர் வைக்கோலை ஏற்றி வந்து, மரத்தண்டிலிருந்து ஒரு அடி விட்டு, கிளை விரிந்த அளவுக்கு அரை அடி தடிப்பில் பரப்புங்கள். மழை அதிலுள்ள பொட்டாசியத்தைக் கரைத்து வேருக்கு இறக்கும். கோடையில் ஈரத்தையும் காக்கும். மணல் வளவில் மண்ணுக்குப் போடும் பொட்டாசியத்தை ஒரே தரம் கொட்டாமல், மாரி தொடங்கும்போது கொஞ்சம், நடுவில் கொஞ்சம், ஓயும்போது கொஞ்சம் என்று பிரித்துப் போடுங்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்ப்பது

ஒரு மரத்தை அடிக்காமல் விடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் விடுங்கள். அடித்த மரத்தில் பத்துக் காய்க்கும், அடிக்காத மரத்தில் பத்துக் காய்க்கும் காம்பில் நிற நூல் கட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் காயின் இடுப்பைச் சுற்றி ஒரு நூலை வைத்து, அந்த நூலை அடிமட்டத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பறித்தபின் பத்தையும் நிறுத்து, பிழிந்து, சாற்றையும் அளந்து பாருங்கள். தோலை வெட்டிப் பக்கத்தில் பக்கம் வைத்தால் தடிப்பும் தெரியும். வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் மண்ணிலேயே பொட்டாசியம் போதுமான அளவு இருக்கிறது, அடுத்த வருஷம் அந்தக் காசை வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் போடலாம்.

கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையில் இரண்டு கிழமை விடுங்கள். அதற்குள் பறிக்க வேண்டி வந்தால் காயை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்திச் சந்தைக்கு அனுப்புங்கள். காயில் உப்புப் படலம் வெள்ளையாகத் தெரிந்தால் வாங்குபவர்கள் மருந்தென்று நினைத்து விலையைக் குறைப்பார்கள்.